பசிக்குது என்றால் சின்னப்பிள்ளை, விரதம் என்றால் ஞானியா?

இந்தூர் குழந்தை பற்றி நான் போட்ட பதிவுக்கு வந்த கமெண்ட்களைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மூளையில் கட்டி, மூன்று வயது. சாகும்வரை உண்ணாமல் இருக்கும் ஜைனர்களின் சந்தாரா விரதத்தைப் பெற்றோர் ஏற்க வைத்தார்கள், சற்று நேரத்தில் குழந்தை இறந்துவிட்டது. அதற்கு உலக சாதனைச் சான்றிதழ் வேறு. "அந்த ஆன்மாவே ஏற்றுக்கொண்டது" என்கிறார் ஒரு நண்பர். மூன்று வயதில், சார்!

நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் குழந்தை மாட்டேன் என்றிருந்தால் விட்டிருப்பீர்களா?

2016இல் ஐதராபாத்தில் 13 வயது ஜைனப் பெண் 68 நாள் உபவாசம் இருந்து இறந்தாள். அவளாக விரும்பி இருந்தாளாம். பால தபஸ்வி என்று ஊர்வலம் விட்டார்கள். அந்த வயதுப் பெண் டூர் போகிறேன் என்றால் உனக்கென்ன தெரியும் என்போம். சாப்பிட மாட்டேன் என்றால் மட்டும் எல்லாம் தெரிந்தவளா?

"ஜைனர்கள் மட்டும்தான் கிடைத்தார்களா?" இதோ, எங்கள் வீடு. சிறுவயதில் எனக்கு அம்மை போட்டபோது ஊசி வேண்டாம், ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்று நானே சொன்னேன். அப்பத்தா அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனார். காய்ச்சல் ஏறி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று அழுதேன். "காய்ச்சல்ல பிள்ளை உளறுது" என்றார் அதே அப்பத்தா. முதலில் சொன்னது பக்தி, பிறகு சொன்னது உளறல்!

இங்கிலாந்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பையன், ரத்தப் புற்றுநோய், 15 வயது. ரத்தம் ஏற்றுவது அவர்கள் மதத்தில் கூடாது என்பதால் மறுத்தான். நீதிமன்றம் ஏற்றச் சொன்னது. 18 ஆனதும் மறுபடி மறுத்தான், இறந்தான். வருத்தம்தான், ஆனால் அது அவன் முடிவு. பெரியவர்கள் சந்தாரா இருக்கலாமா என்ற வழக்கும் வேறு. 2015இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் கூடாது என்றது, அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. இருக்கட்டும். நான் குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறேன்.

"பிழைக்காது என்று தெரிந்த பிறகு என்ன செய்வது?" இது நியாயமான கேள்வி, அந்தப் பெற்றோரின் துக்கத்தை நான் கேலி செய்யவில்லை. வலி தெரியாமல் வைத்துக்கொள்ள மருந்து உண்டு, மடி உண்டு. சபதம் எதற்கு, சாதனை எதற்கு?

அப்புறம், "நாத்திகனுக்கு இதெல்லாம் புரியாது" என்று எழுதிய பள்ளித் தோழனுக்கு: வருஷா வருஷம் சமயபுரம் போகிறவன் நான், நீயும் கூட வந்திருக்கிறாய். ஒரு பிள்ளையின் பசியைப் பேசினால் உடனே நாத்திகனாகிவிடுவேனா? நம்பர் இருக்கிறதே, போன் போட்டுத் திட்டியிருக்கலாம். ஊர் பார்க்க எழுதியதுதான் வலிக்கிறது.