வெள்ளை மணல் இல்லாத தீவு

கரீபியன் பக்கம் க்ரூஸ் போய்வந்தவர்களிடம் எந்தத் தீவு பிடித்தது என்று கேட்டுப் பாருங்கள். பதில் பீச்சை வைத்துத்தான் வரும். நான் டொமினிக்கா என்பேன். உடனே "ஓ, டொமினிக்கன் ரிபப்ளிக்கா?" என்பார்கள். இல்லைங்க. அது ஹெய்ட்டியோடு ஒரே தீவைப் பங்கு போட்டிருக்கும் ஸ்பானிய மொழி நாடு. இது குவாதலூப்புக்கும் மார்ட்டினிக்குக்கும் நடுவில், வெறும் 751 சதுர கிலோமீட்டரில் இருக்கும் தனி நாடு. ஆங்கிலமும், பிரெஞ்சிலிருந்து பிறந்த க்ரியோல் என்ற கலப்பு மொழியும் பேசுவார்கள். பெயரையே நடுவில் இழுத்து 'டொமினீக்கா' என்பார்கள்.

எங்கள் கப்பலில் அதற்குப் பெரிய மரியாதை இருக்கவில்லை. முந்தின இரவு சாப்பிடும்போது பக்கத்துக் கேபின்காரர், "நாளைக்கு நான் இறங்கப்போவதில்லை, அங்கே பீச்சே கிடையாது" என்றார். முக்கால்வாசி சரிதான். எரிமலையால் உண்டான தீவு. தலைநகர் ரோஸோ பக்கம் கருங்கல்லும் கறுப்பு மணலும்தான். ஆனால் ஒரே ஒரு பகல் மட்டும் இறங்குகிறவனுக்கு அதுதான் லாபம் என்பது என் கட்சி. பீச் இருந்தால் பீச்சுக்குப் போவோம். நாற்காலியை வாடகைக்கு எடுத்துப் படுத்துவிட்டு சாயங்காலம் திரும்புவோம். நான்கு தீவு பார்த்த பிறகு எந்தப் புகைப்படம் எந்தத் தீவு என்று நமக்கே தெரியாது.

டொமினிக்காவைக் கப்பலில் வந்துதான் பார்க்க வேண்டும். விமான நிலையம் வடகிழக்கு மூலையில் கிடக்கிறது. அங்கிருந்து ரோஸோவுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் மலைப்பாதை. கப்பலோ ஊரின் வாசலிலேயே வந்து நிற்கிறது. விடிவதற்கு முன் மேல்தளத்துக்குப் போய் நின்றேன். நாம் மேற்கிலிருந்து வருகிறோம், சூரியன் மலைக்குப் பின்னால் வருகிறது. அதனால் முதலில் தெரிவது கன்னங்கரேலென்று ஒரு சுவர். அப்புறம் சுவரில் மடிப்புகள், மடிப்புகளில் மேகம், அடியில் நாலைந்து விளக்கு. கரையிலிருந்து அடித்த காற்றில் ஈர மண் வாசனை. கலினாகோ பூர்வகுடிகள் இந்தத் தீவுக்கு வைத்த பெயர் வாய்த்துக்குபுலி. 'அவள் உடல் உயரம்' என்று அர்த்தம். மேல்தளத்தில் நின்றவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த நேரத்தில் கடல் தகடு மாதிரி கிடந்தது. காரணம் இருக்கிறது. அங்கே காற்று வருடம் முழுக்க கிழக்கிலிருந்துதான் அதிகம் வீசும். அட்லாண்டிக் பக்கம் அலை மோதிக்கொண்டே இருக்கும், மேற்குப் பக்கத்துக்கு மலையே அரண். இந்த வட்டாரத்தில் ரோஸோ, பாஸ்டர், ஃபோர்ட் டி ஃப்ரான்ஸ், பிரிட்ஜ்டவுன் என்று பெரிய துறைமுகங்கள் பலவும் மேற்கே பார்த்து உட்கார்ந்திருப்பது இதனால்தான். அதே காற்று கொண்டுவரும் ஈரம் மலையில் முட்டி, உள்ளே வருடத்துக்கு 7,000 மி.மீ.க்கும் மேல் கொட்டுகிறது. காடும் ஆறும் அருவியும் அந்த மழையின் பிள்ளைகள்.

கப்பலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் தாவரவியல் பூங்கா. அங்கே ஒரு பள்ளிப் பேருந்து நசுங்கிக் கிடக்கிறது. 1979 ஆகஸ்டில் வந்த டேவிட் புயலில் ஒரு பாவோபாப் மரம் அதன் மேல் சாய்ந்தது. நல்லவேளையாக உள்ளே யாரும் இல்லை. அப்புறப்படுத்தாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். பேருந்து துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது, மேலே படுத்த மரம் இன்னும் தழைத்துக்கொண்டிருக்கிறது. ஜன்னல் இருந்த இடம் வழியாக விழுது மாதிரி ஏதோ இறங்கியிருந்தது. நான் அங்கே அரை மணி நேரம் நின்றிருப்பேன். புயல் அந்த ஊருக்குப் பழங்கதையும் இல்லை. 2017 செப்டம்பர் 18 இரவு மரியா வந்தபோது, பிரதமர் ஸ்கெரிட் தன் வீட்டுக் கூரை போய்விட்டதென்று எழுதியது முகநூலில்தான்.

பிறகு வேன் பிடித்து ட்ராஃபல்கர் அருவி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அருவிகள். உயரமானதை அப்பா என்றும் மற்றதை அம்மா என்றும் சொல்கிறார்கள். அழகு, சரி, அதைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று. எனக்குப் பிடித்தது அதற்குப் பக்கத்தில் இருக்கும் வாட்டன் வேவன் கிராமம். மண்ணுக்குள்ளிருந்து வரும் கந்தக வெந்நீரைத் தொட்டிகளில் தேக்கி வைத்திருக்கிறார்கள். நாங்கள் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தலையில் குளிர்ந்த மழை, உடம்பெல்லாம் கொதி, சுற்றிலும் அவித்த முட்டை நாற்றம். வெள்ளி நகை இருந்தால் கழற்றிவிடுங்கள், கறுத்துப்போகும் என்று அங்கிருந்த அம்மா முன்கூட்டியே சொன்னார். மனைவி கொலுசைக் கழற்றினாள். மெட்டி வரவில்லை.

குறையும் சொல்லத்தான் வேண்டும். கப்பல் நமக்குக் கொடுப்பது எட்டு மணி நேரம். அதிலும் அரை மணி முன்னாலேயே ஏறிவிட வேண்டும். இந்தத் தீவின் நிஜமான அதிசயம் கொதிக்கும் ஏரி. அறுபது மீட்டர் அகலத்துக்குத் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். போய்வர ஆறு மணி நேரம் மலையேறி இறங்க வேண்டும். எங்கள் வேன் டிரைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிச் சிரித்தார், அவ்வளவுதான். அப்புறம், மூன்று வேளையும் கப்பலிலேயே சாப்பிட்டுப் படுக்கிற கூட்டத்தால் ரோஸோ கடைக்காரருக்கு என்ன பெரிதாகக் கிடைத்துவிடும்? பத்திருபதாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் ஒரே காலையில் மூவாயிரம் பேர் இறங்குகிறார்கள், பாதிப் பேர் ஒரு குளிர்பானத்தோடு திரும்புகிறார்கள். கப்பலில் ஏற்பாடு செய்த டூரை விட்டுவிட்டு ஊர் வேனில் போங்கள், அங்கேயே சாப்பிடுங்கள். அமெரிக்க டாலர் செல்லும், மீதி கிழக்குக் கரீபியன் டாலரில் வரும்.

சாயங்காலம் லிஃப்டில் பக்கத்துக் கேபின்காரரைப் பார்த்தோம். நாள் முழுக்க நீச்சல் குளத்தருகே படுத்திருந்து முகம் சிவந்திருந்தது. "நான் சொன்னேனே, பீச் ஏதாவது இருந்ததா?" என்றார். மனைவி பதில் சொல்லவில்லை. செருப்பிலிருந்து காலை எடுத்து, கரி மாதிரி கறுத்திருந்த மெட்டியைக் காட்டினாள்.