சிடிஎம்ஏ தோற்றது என்று இன்னும் எத்தனை நாள் சொல்வீர்கள்?

பங்கு வாங்க யோசனை சொல்லும் ஒரு குழுவின் ஞாயிற்றுக்கிழமை நேரலையைப் பார்த்தவர்களுக்கு எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். "சிடிஎம்ஏ தோத்துச்சு, ஜிஎஸ்எம் ஜெயிச்சுது. 6ஜியில எந்தப் பக்கம் ஜெயிக்கும்னு பார்த்து இப்பவே பணத்தைப் போட்டுடுங்க" என்று சொல்லி ஒரு சின்னக் கம்பெனிப் பங்கை வாங்கச் சொன்னார் அதை நடத்துபவர். கமென்டில் மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பத்து நிமிடத்தில் தூக்கிவிட்டார்கள். மனசு ஆறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

சிடிஎம்ஏ, ஜிஎஸ்எம் இரண்டும் செல்போனும் டவரும் பேசிக்கொள்ளும் இரண்டு முறைகள். சிடிஎம்ஏ தோற்கவில்லை. ஜிஎஸ்எம் கம்பெனிகளே பின்னால் அதைத்தான் எடுத்துக்கொண்டன.

ஜிஎஸ்எம்மில் 200 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையை நேர வாக்கில் 8 துண்டாக்கி ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். சிடிஎம்ஏவில் 1.25 மெகாஹெர்ட்ஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஆளுக்கொரு குறியீடு, அதை வைத்துப் பிரித்தெடுக்க வேண்டும். டவருக்குக் கீழேயே நிற்பவரின் போன், தூரத்தில் இருப்பவரின் போனை அமுக்கிவிடும் என்பதுதான் இதில் பெரிய தலைவலி. அதனால் டவர் ஒவ்வொரு போனிடமும் விநாடிக்கு 800 தடவை 'பவரைக் கூட்டு, குறை' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நடக்காது என்று பலர் சொன்னதை, அமெரிக்க சிப் கம்பெனியான குவால்காம் நடத்திக் காட்டியது இங்கேதான். அடுத்து ஐரோப்பா 3ஜிக்கு எதை எடுத்தது? டபிள்யூசிடிஎம்ஏ. 5 மெகாஹெர்ட்ஸ் அகலம், விநாடிக்கு 1500 தடவை அதே பவர் கட்டுப்பாடு. பெயரிலேயே சிடிஎம்ஏ இருக்கிறது! வருடக்கணக்கில் எதிர்த்து நின்ற சுவீடன் கம்பெனி எரிக்சன் 1999 மார்ச்சில் பேட்டன்ட் வழக்கை முடித்துக்கொண்டு, குவால்காமின் டவர் சாதனப் பிரிவையும் வாங்கிக்கொண்டது. அந்த ஒரே வருடத்தில் குவால்காம் பங்கு 2600 சதவீதத்துக்கு மேல் ஏறியது. தோற்றவனுக்கு நடக்கிற காரியமா இது?

நம்மவர்களுக்கு சிடிஎம்ஏ என்றால் 2003இல் வந்த சிம் இல்லாத போன்தான் ஞாபகம். வேறு கம்பெனிக்கு மாற முடியாது, அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கடையை மூடியது ஆபரேட்டர். ஆபரேட்டர் நஷ்டப்படுவது வேறு, ஸ்டாண்டர்டுக்குள், அதாவது எல்லா போனும் பின்பற்றும் பொது விதிமுறைக்குள், பேட்டன்ட் வைத்திருப்பவன் சம்பாதிப்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பித்தான் நேரலையில் ஒரு மணி நேரம் பேசினார்.

"4ஜியில் சிடிஎம்ஏ போய்விட்டதே" என்று வருவீர்கள். போய்விட்டதுதான், 4ஜி ஸ்டாண்டர்டான எல்டிஇ, ஓஎஃப்டிஎம்ஏ என்ற வேறு முறையில் ஓடுகிறது. குவால்காம் தனக்கென்று உருவாக்கிய 4ஜி ஸ்டாண்டர்டான யூஎம்பியைக்கூட 2008 நவம்பரில் கைவிட்டது. ஆனால் 2006லேயே ஃப்ளாரியன் என்ற கம்பெனியை வாங்கி ஓஎஃப்டிஎம்ஏ பேட்டன்ட்களைக் கையில் வைத்திருந்தது. சொந்த ஸ்டாண்டர்டு தோற்றும், பேட்டன்டைப் பயன்படுத்துபவர்கள் கட்டும் ராயல்டி நிற்கவில்லை. நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: எந்தப் பெயர் ஜெயிக்கிறது என்று பார்க்காதீர்கள், உள்ளே யாருடைய பேட்டன்ட், என்ன ரேட்டு, எந்த விலையின் மேல் என்று பாருங்கள்.

3ஜி, 4ஜியும் சேர்ந்த 5ஜி போனுக்கு குவால்காம் அறிவித்த ராயல்டி ரேட்டு 3.25 சதவீதம். அதுவும் போனின் விலையில் 400 டாலர் வரைக்கும்தான். ஆயிரம் டாலர் போனானாலும் 13 டாலருக்கு மேல் வராது. நோக்கியா போனுக்கு 3 யூரோ, ஹுவாவே அதிகபட்சம் 2.5 டாலர் என்று அறிவித்தன. பேரம் பேசி வாங்குவது இதைவிடக் குறைவாகவும் இருக்கும். போன் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம் முடிந்து இழுபறியானால் வரவு விழும். சமரசமானதும் பாக்கி மொத்தமாக வந்து அந்தக் காலாண்டு லாபம் உப்பித் தெரியும். 2019 ஏப்ரலில் ஆப்பிளோடு இருந்த வழக்கு சமரசத்தில் குவால்காமுக்கு 450 கோடி டாலருக்கு மேல் வந்தது அப்படித்தான். அதை வழக்கமான வருமானம் என்று நினைத்துப் பங்கை வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

"இத்தனை ஆயிரம் பேட்டன்ட் இருக்கிறதே" என்று அவர் ஒரு எண்ணைக் காட்டினாரே, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. ஐரோப்பியத் தொலைத்தொடர்பு ஸ்டாண்டர்டு அமைப்பான எட்சியில் பதிவாகும் அந்த எண்ணிக்கை கம்பெனிகள் தாங்களாகவே கொடுப்பது. ஸ்டாண்டர்டுக்கு அது உண்மையிலேயே அவசியமா என்று எட்சி சோதிப்பதில்லை. ஒரே கண்டுபிடிப்பைப் பத்து நாட்டில் பதிந்தால் பத்தாக எண்ணிக்கொள்ளலாம். ஒரே கண்டுபிடிப்பின் பேட்டன்ட்களை ஒரே குடும்பமாக எண்ணினால் எத்தனை, கோர்ட்டில் எத்தனை நின்றது, 20 வருட ஆயுளில் எவ்வளவு மிச்சம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இன்பாக்ஸில் "நம்ம நாட்டு ஸ்டாண்டர்டு வந்தா உனக்கு என்ன எரியுது" என்கிறார்கள். எரியவில்லை ஐயா. இந்தியாவின் சொந்த 5ஜி ஸ்டாண்டர்டான 5ஜிஐயில் சென்னை ஐஐடி, ஹைதராபாத் ஐஐடி ஆட்கள் செய்த வேலை மேல் எனக்கு மரியாதை உண்டு. டவருக்கு டவர் 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிராமத்துக்காக யோசித்தார்கள். 2021 கடைசியில் அதைத் தனியாக ஓட்டாமல், உலக செல்போன் ஸ்டாண்டர்டை எழுதும் 3ஜிபிபி அமைப்பின் 17ஆம் வெளியீட்டோடு இணைக்க ஒத்துக்கொண்டார்கள். உலகத்துக்கே ஒரு மோடம் சிப் செய்யும்போது ஒரு நாட்டுக்கு மட்டும் தனி சிப் என்றால் போன் விலை ஏறும். அதனால் இணைத்தது தோல்வி கிடையாது, உள்ளே போய் உட்கார்ந்த வேலை. அந்த உழைப்பைக் காட்டி, சம்பந்தமே இல்லாத ஒரு சின்னக் கம்பெனிப் பங்கை வாங்கச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஓய்வூதியப் பணத்தோடு அந்தக் குழுவில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று அவருக்கும் தெரியும்.

அழிக்கப்பட்ட என் கேள்வி இதுதான்: நீங்கள் சொல்லும் கம்பெனியின் ஆண்டறிக்கையில் ராயல்டி வரவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது?