ஆட்டத்தைப் பார்க்க விடுங்கள்
1912இல் திறக்கப்பட்ட பாஸ்டனின் ஃபென்வே பார்க் பேஸ்பால் அரங்கில், இடப்புற எல்லையில் 37 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் பச்சைச் சுவரில் பந்து மோதித் தெறிப்பதைப் பார்க்கத்தான் குடும்பத்தோடு போயிருந்தோம். ஆனால் என் மைத்துனரோ, சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் செங்கற்சுவர் மேல் கொடி படர்ந்திருக்கும் அழகுக்கு இது உறை போடக் காணுமா என்று முதல் இன்னிங்ஸிலேயே ஆரம்பித்துவிட்டார். அதே ரிக்லிக்கு அழைத்துப் போனபோது, பார்வையை மறைக்கும் தூண்களைக் காட்டி ஃபென்வேயைப் புகழ்ந்தவரும் இவரேதான். (இங்கும் தூண்கள் உண்டு என்பது வேறு கதை.) சான்பிரான்சிஸ்கோவில் அடித்த பந்து விரிகுடா நீரிலேயே போய் விழும் என்றதும் என் மகனும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டான். பொறுக்க முடியாமல் பதில் சொல்லத் திரும்பிய நொடியில், பந்து சுவரில் மோதிய ஓசை மட்டும் கேட்டது. அரங்கமே எழுந்து ஆர்ப்பரிக்க, எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்வரிசைக்காரரின் முதுகுதான்.