"சாஸ்தா எங்க, தம்பி?"

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி மூன்று மாதமாகக் காலியாகக் கிடக்கிறது. கேட்டில் டூலெட் அட்டை தொங்குகிறது. தினமும் ஒரு போனாவது வரும், அம்மாதான் எடுப்பாள். வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் எல்லாம் பேசி முடித்துவிட்டு சாவகாசமாகக் கேட்பாள்: "உங்களுக்கு சாஸ்தா எங்க, தம்பி?"

வெளியூர்க்காரர்களுக்கு இது ஏதோ பக்தி விசாரிப்பு மாதிரி இருக்கும். எங்கள் பக்கம் குடும்பத்துக்கு ஒரு சாஸ்தா உண்டு, குலதெய்வம் மாதிரி. பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போவீர்கள் என்று தெரிந்தால் ஊரையும் ஆளையும் பாதி பிடித்துவிடலாம். ஒரே சாஸ்தாவை நாலு சாதிக்காரர்களும் கும்பிடுவதுண்டு, அப்போது "ஊர்ல எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி வரும். சாதியை நேராகக் கேட்பது நாகரிகம் இல்லையாம்! போனை வைத்ததும் "நம்மாளு இல்ல போலுக்கு" என்பாள். மறுநாள் அவர் மறுபடி கூப்பிட்டால், "சொந்தக்காரங்க வாராங்க தம்பி". அந்தச் சொந்தக்காரர்கள் மூன்று மாதமாக வந்துகொண்டே இருக்கிறார்கள்.

மேலத்தெரு, கீழத்தெரு, காலனி எல்லாம் கிராமத்தோடு சரி, டவுனுக்கு வந்தால் கரைந்துவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். 1994-ல் நெல்லை, பாளை, மேலப்பாளையம், தச்சநல்லூர் எல்லாவற்றையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். இன்றைக்கு 55 வார்டு. தேர்தல் வேலை பார்க்கும் எந்தக் கட்சிக்காரரையும் கேளுங்கள், எந்த வார்டில் எந்தச் சாதி, எந்த மதம் என்று தெருத் தெருவாகச் சொல்வார். மேலப்பாளையத்து முஸ்லிம் நண்பர் ஒருவர் பெருமாள்புரத்தில் வீடு தேடினார். பெயரைச் சொன்னதும் "நாங்க சைவம்" என்றார்களாம். அந்த வாசலில் மீன்வண்டி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

சட்டம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவில் கடை, ஹோட்டல், கிணறு, குளம் எல்லாம் வருகிறது. வாடகை வீடு பற்றி ஒரு வரி இல்லை. அகமதாபாத்தில் பார்சிகளின் வீட்டுவசதிச் சங்கம் ஒன்று, பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி வைத்திருந்தது. அது செல்லும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பக்கத்து வீட்டில் யார் இருக்க வேண்டும் என்பதை அரசாங்கமே முடிவு செய்தது எனக்குத் தெரிந்து சமத்துவபுரத்தில்தான். 100 வீட்டில் 40 பட்டியல் சாதியினருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. சுடுகாடும் பொது. முதலாவது 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறந்தார்கள். அதில் குறை சொல்ல ஆயிரம் இருக்கிறது, சரி. ஆனால் அதுவும் கிராமத்துக்கு என்று போட்ட திட்டம். டவுனில் அதற்குக் கிட்டத்தில் வருவது வீட்டுவசதி வாரியக் குலுக்கல் ஒன்றுதான். அந்த வீடும் கைமாறும்போது 'நம்மாளு' கைக்குத்தான் போகிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனை, கூடப் படித்த வேறு சாதிப் பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு போட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளியில் சாதிக் கயிறு, அதாவது சாதிக்கொரு கலரில் கையில் கட்டும் கயிறு, கட்டத் தடை போடச் சொன்னது. கட்டாயம் போட வேண்டும். ஆனால் பையன் வீட்டுக்குத் திரும்பும் தெருவில் மின்கம்பத்துக்கும் அதே கலர்தானே அடித்திருக்கிறது?

அம்மாவிடம் சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். "நீ பாட்டுக்கு ஆபீஸ் போயிருவ. தெருவுல நாலு பேருக்குப் பதில் சொல்றது நானுல்லா?" என்கிறாள். அவள் பயம் பொய்யில்லை. அந்த நாலு பேரும் தங்கள் வீட்டில் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

போன வாரம் அட்டையில் அம்மா நம்பரை அடித்துவிட்டு என் நம்பரை எழுதினேன். முதல் போன் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாடகை சொன்னேன், தண்ணீர் சொன்னேன். அப்புறம் என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது: "சொந்த ஊர் எது சார்?"

"ஆலங்குளம் பக்கம்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. என்னுடைய அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார்.