முதலிடத்தில் நிற்கும் அணி விற்கக் கூடாது

ஒவ்வோர் ஆண்டும் ஜூலைக் கடைசியில் பேஸ்பால் ரசிகர்களுக்குள் மூளும் சண்டையில் என் கட்சி எது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். விரிவாகவே சொல்லிவிடுகிறேன். நான் மில்வாக்கி புரூவர்ஸ் அணியின் ரசிகன். பருவத்தின் நடுவில் முதலிடத்தில் நிற்கும் அணி ஆள் வாங்க வேண்டும். வாங்க மனமில்லை என்றால் சும்மா இருக்கலாம். விற்க மட்டும் கூடாது. நாளைக்கு என்ன லாபம் வரும் என்று எந்தக் கணக்கைக் காட்டினாலும் இதில் நான் அசையப் போவதில்லை.

இந்த ஆட்டத்தோடு பழக்கம் இல்லாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்காவின் மேஜர் லீகில் ஒவ்வோர் அணியும் மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் இறுதிவரை 162 ஆட்டங்கள் ஆடுகிறது. கிட்டத்தட்ட தினமும் ஓர் ஆட்டம். ஜூலைக் கடைசி அல்லது ஆகஸ்ட் முதல் சில நாள் வரை அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளலாம். பட்டம் வெல்ல வாய்ப்புள்ள அணி, கீழ்நிலை லீகுகளில் தான் வளர்த்துவரும் இளைஞர்களைக் கொடுத்துத் தேர்ந்த ஆட்டக்காரரை வாங்கும். வாய்ப்பை இழந்த அணி தன் நட்சத்திரத்தைக் கொடுத்து அந்த இளைஞர்களைப் பெற்றுக்கொள்ளும். பெரும்பாலான வீரர்களிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் இல்லை. காலையில் ஓர் ஊரில் கண்விழித்தவர் மறுநாள் இரவு வேறு ஊரின் சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் நிற்பார்.

இனி எங்கள் அணியின் கதை. 1970-இல் மில்வாக்கிக்கு வந்த புரூவர்ஸ், லீக் பட்டமான பென்னன்டை வென்றது ஒரே ஒரு முறை, 1982-இல். அந்த ஆண்டு, அமெரிக்கன், நேஷனல் என்ற இரு லீகுகளின் சாம்பியன்கள் மோதும் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸிடம் தோற்றது. அதற்குப் பிறகு 2008 வரை, பட்டத்துக்காக அக்டோபரில் நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளின் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஒரு தலைமுறையே அக்டோபரில் தன் அணி ஆடிப் பார்க்காமல் வளர்ந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் 2008 ஜூலை 7-ஆம் தேதி நடந்தது என்ன என்பது புரியும்.

அன்று கிளீவ்லாந்து அணியிலிருந்து சி.சி. சபாத்தியா வந்தார். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்கன் லீகின் சிறந்த பிட்சருக்கான (பந்து வீசுபவருக்கான) சை யங் விருதை வென்றவர். அவருடைய ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிகிறது, அதற்குப் பிறகு மில்வாக்கியால் கொடுக்க முடியாத பணத்துக்கு அவர் வேறு ஊருக்குப் போய்விடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் பொது மேலாளர் டக் மெல்வின், அணியின் மிகப் பெரிய இளம் நம்பிக்கையாக இருந்த மாட் லபோர்ட்டாவைக் கொடுத்தார். கூடவே ஸாக் ஜாக்சன், ராப் பிரைசன், பின்னர் பெயர் சொல்லப்படும் என்ற நிபந்தனையோடு இன்னொருவர். மூன்று மாத வாடகைக்கு நான்கு பேர்.

அந்த மூன்று மாதங்களில் சபாத்தியா செய்ததை இன்றைக்கு எந்த அணியும் தன் பிட்சரைச் செய்ய விடாது. 17 ஆட்டங்களைத் தொடங்கினார். 11 வெற்றி, 2 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 1.65. அவற்றில் ஏழு ஆட்டங்களை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை அவரே வீசி முடித்தார். செப்டம்பரில் அணி சறுக்கியது. பன்னிரண்டே ஆட்டங்கள் மீதமிருந்தபோது, களத்தில் அணியை நடத்திய மேலாளர் நெட் யோஸ்ட்டை நீக்கினார்கள். அந்தக் கலவரத்தில் சபாத்தியா கடைசி மூன்று முறையும் வழக்கமான நான்கு நாள் ஓய்வைக் குறைத்துக்கொண்டு மூன்றே நாளில் திரும்பி வந்து வீசினார். கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தம் சில வாரத் தொலைவில் காத்திருக்கும் ஒரு கை அது. காயம் பட்டால் எல்லாம் போயிற்று. தன் கையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அணியை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போயிருந்தாலும் அவரை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. பருவத்தின் கடைசி நாள். பிரிவில் முதலிடம் பிடிக்காத அணிக்குக் கிடைக்கும் பிளேஆஃப் இடமான வைல்டு கார்டுக்கு மில்வாக்கியும் நியூயார்க் மெட்ஸும் சமநிலையில் இருக்கின்றன. எதிரே சிகாகோ கப்ஸ். ஒன்றுக்கு ஒன்று என்று எட்டாவது இன்னிங்ஸ் வரை இழுத்த ஆட்டத்தில் ரயன் பிரான் பந்தை மைதான வேலிக்கு அப்பால் அனுப்பி, இரண்டு ரன் தரும் ஹோம் ரன் அடித்தார். ஒன்பதாவதையும் சபாத்தியாவே வீசி முடித்தார், 3-1. பிறகு மைதானத்தின் பெரிய திரையில் நியூயார்க் ஆட்டத்தின் முடிவுக்காக மொத்தக் கூட்டமும் காத்திருந்தது. ஷே ஸ்டேடியத்தின் கடைசி ஆட்டத்தில் மெட்ஸ் ஃபுளோரிடா மார்லின்ஸிடம் 4-2 என்று தோற்றது. இருபத்தாறு ஆண்டுக்குப் பிறகு எங்கள் ஊருக்கு அக்டோபர் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததையும் ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் சுற்றிலேயே ஃபிலடெல்ஃபியாவிடம் தோற்றோம். களைத்துப்போயிருந்த சபாத்தியாவின் பந்தில் ஷேன் விக்டோரினோ கிராண்ட் ஸ்லாம், அதாவது ஒரே அடியில் நான்கு ரன் தரும் ஹோம் ரன், அடித்தார். டிசம்பரில் நியூயார்க் யாங்கீஸ் 7 ஆண்டுக்கு 161 மில்லியன் டாலர் கொடுத்து அவரை அழைத்துக்கொண்டது. லபோர்ட்டா பெரிதாகச் சோபிக்கவில்லை. ஆனால் பெயர் சொல்லாமல் விட்டிருந்த அந்த நான்காவது ஆள் மைக்கேல் பிராண்ட்லி. லீகின் நட்சத்திரங்கள் ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்குப் பல முறை தேர்வானவர். காகிதத்தில் பார்த்தால் இது கிளீவ்லாந்துக்கு லாபமான வியாபாரம் என்று வாதாட இடமுண்டு. வாதாடட்டும். மில்வாக்கியில் அந்தக் கோடையை அனுபவித்த ஒருவரிடம் சபாத்தியாவைத் திருப்பிக் கொடுத்து பிராண்ட்லியை வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஆண்டுதான் மைதானத்துக்கு வந்தவர்கள் எண்ணிக்கை அணியின் வரலாற்றிலேயே முதல் முறையாக 30 லட்சத்தைத் தாண்டியது.

விற்பதையே எதிர்க்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2015-இல் நாங்கள் 94 ஆட்டங்களில் தோற்ற அணி. அந்த ஜூலையில் கார்லோஸ் கோமஸை விற்றது முழுக்கச் சரி. அந்த விற்பனைக்கு ஒரு முன்கதை உண்டு. முதலில் அவர் மெட்ஸுக்குப் போவதாக இருந்தது. பதிலுக்கு வில்மர் ஃபுளோரஸும் ஸாக் வீலரும் எங்களுக்கு. செய்தி பரவியபோது ஃபுளோரஸ் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தார். பதினாறு வயதிலிருந்து மெட்ஸ் அமைப்பிலேயே வளர்ந்த பையன். பார்வையாளர்கள் கைபேசியில் செய்தி படித்து அவருக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோமஸின் இடுப்பைப் பற்றி மெட்ஸுக்குச் சந்தேகம் வந்து பேச்சு முறிந்தது. இரண்டு நாள் கழித்து வாஷிங்டனுக்கு எதிராகப் பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஃபுளோரஸ் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்து வைத்தார். அந்த ஆண்டு மெட்ஸ் பென்னன்டையே வென்றது. இளைஞர்களைச் சொத்துப் பட்டியலில் ஒரு வரியாகப் பார்ப்பவர்கள் அந்தக் காட்சியை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

பிறகு கோமஸ், மைக் ஃபயர்ஸுடன் ஹூஸ்டனுக்குப் போனார். அதில் எங்களுக்குக் கிடைத்தவர்களில் ஒருவர்தான் ஜோஷ் ஹேடர். நேஷனல் லீகின் சிறந்த ரிலீஃப் பிட்சர் (ஆட்டத்தின் நடுவில் அல்லது கடைசியில் வந்து வீசுபவர்) விருதை மூன்று முறை வென்றவர், ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் கையில் பந்து இருந்தால் எதிரணி ரசிகர்கள் கார் சாவியைத் தேட ஆரம்பிப்பார்கள்.

2022 ஆகஸ்ட் 1. எங்கள் பிரிவில் கார்டினல்ஸைவிட மூன்று ஆட்டங்கள் முன்னால் முதலிடத்தில் இருக்கிறோம். அன்று ஹேடரை சான் டியாகோவுக்கு விற்றார்கள். அவருடைய ஒப்பந்த உரிமை எங்களிடம் இன்னொரு முழு ஆண்டு இருந்தது. பதிலுக்கு வந்தவர்கள் டெய்லர் ராஜர்ஸ், டினெல்சன் லமெட், இளைஞர்கள் ராபர்ட் காசர், எஸ்டூரி ரூயிஸ். லமெட் எங்களுக்காக ஒரு பந்துகூட வீசவில்லை. வந்த வேகத்தில் அணியிலிருந்து நீக்கப்பட்டார். விற்பனை முடிந்த கையோடு பிட்ஸ்பர்க் போன அணி, பட்டியலின் அடியில் கிடந்த பைரட்ஸிடம் மூன்று ஆட்டத்திலும் தோற்றது. அதன் பிறகு முதலிடம் நிலைக்கவில்லை. பருவம் முடிந்தபோது எங்களுக்கு 86 வெற்றி. கடைசி பிளேஆஃப் இடத்தைப் பிடித்த ஃபிலடெல்ஃபியாவுக்கு 87. ஒரே ஒரு வெற்றி வித்தியாசம். அந்த ஃபிலடெல்ஃபியா உலகத் தொடர்வரை போனது.

அப்போது அணியின் பேஸ்பால் நிர்வாகத் தலைவராக இருந்த டேவிட் ஸ்டெர்ன்ஸின் கொள்கை எல்லோருக்கும் தெரிந்ததே. சிறிய நகரம், சிறிய வருமானம். ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் கொட்டிவிடாமல் ஆண்டுதோறும் போட்டியில் இருக்க வேண்டும், அதற்கு விலை உச்சத்தில் இருக்கும்போதே நட்சத்திரத்தை விற்க வேண்டும். இந்தக் கொள்கையை நான் பெருமளவு மதிக்கிறேன். இதனால்தான் இத்தனை ஆண்டுகளாக எங்கள் அணி தாக்குப்பிடிக்கிறது. ஆனால் அதற்கு ஒரு காலம் இருக்கிறது. அது குளிர்காலம். 2024 பிப்ரவரியில் கார்பின் பர்ன்ஸை பால்டிமோருக்குக் கொடுத்தார்கள். வருத்தப்பட்டேன், எதிர்க்கவில்லை. அந்த ஆண்டும் பிரிவில் முதலிடம் பிடித்தோம். அதே ஆண்டு டிசம்பரில் டெவின் வில்லியம்ஸை யாங்கீஸுக்குக் கொடுத்தார்கள். அதுவும் சரி. குளிர்காலத்தில் யாரும் முதலிடத்தில் இல்லை. ஆகஸ்ட் முதல் தேதியில் நாங்கள் இருந்தோம்.

இங்கேதான் எதிர்த்தரப்பு தன் பெரிய அஸ்திரத்தை எடுக்கும். ஹேடர் விற்பனையில் வந்த ரூயிஸை வைத்துத்தானே அந்த டிசம்பரில் மூன்று அணி பரிமாற்றத்தில் வில்லியம் கொன்ட்ரேராஸ் வந்தார்? இன்று லீகின் மிகச் சிறந்த கேட்சர்களில் (பிட்சரின் பந்தைப் பிடிப்பவர்களில்) அவர் ஒருவர் இல்லையா? ஆமாம். கொன்ட்ரேராஸை எனக்கு மிகவும் பிடிக்கும். ஹேடரைப் பருவம் முடிந்த பிறகு விற்றிருந்தால் குறைவாகத்தான் கிடைத்திருக்கும், கொன்ட்ரேராஸ் வந்திருக்கவே மாட்டார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குறைவு நான் மனமாரக் கொடுக்கத் தயாராக இருக்கும் விலை. ஏனென்றால் அந்த அறையில் 26 வீரர்கள் இருந்தார்கள். ஏப்ரலிலிருந்து நூறு ஆட்டங்கள் ஆடி, அடிபட்டு, முதலிடத்தைப் பிடித்து வைத்திருந்தவர்கள். அவர்களிடம் நிர்வாகம் அன்று சொன்னது, உங்கள் மேல் எங்களுக்கு இந்த ஆண்டு அவ்வளவு நம்பிக்கை இல்லை என்பதுதான். வேறு எந்த விளக்கம் கொடுத்தாலும் வீரனின் காதில் அப்படித்தான் விழும்.

வாங்குவது என்றாலே வருங்காலத்தை அடகு வைப்பது என்ற பேச்சும் மிகைதான். 2021 அட்லாண்டா பிரேவ்ஸைப் பாருங்கள். ஜூலை 10-இல் அவர்களுடைய பெரிய நட்சத்திரம் ரொனால்ட் அகுன்யா முழங்கால் காயத்தால் பருவம் முழுவதையும் இழந்தார். அணி தோல்விகளும் வெற்றிகளும் சமமாகத் தள்ளாடிக்கொண்டிருந்தது. பொது மேலாளர் அலெக்ஸ் அந்தோபுலோஸ் கைகட்டி நிற்கவில்லை. ஜாக் பீடர்சன், ஆடம் டுவால், ஹோர்ஹே சோலர், எடி ரொசாரியோ என்று நான்கு அவுட்ஃபீல்டர்களை ஒரே மாதத்தில் சேர்த்தார். யாருக்காகவும் பெரிய இளம் நட்சத்திரத்தைக் கொடுக்கவில்லை. லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் ரொசாரியோ. உலகத் தொடரின் சிறந்த வீரர் சோலர். 88 வெற்றி மட்டுமே பெற்ற அணி உலக சாம்பியன் ஆனது.

கடைசியாக 2025. 97 வெற்றிகள், மேஜர் லீகிலேயே அதிகம். ஆகஸ்டில் தொடர்ந்து 14 வெற்றி, அணியின் சாதனை. வழக்கமான பருவத்தில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸைச் சந்தித்த ஆறு ஆட்டத்திலும் வென்றோம். ஆனால் ஹோம் ரன் பலம் அதிகம் இல்லாத அணி என்பது ஜூலையிலேயே தெரிந்திருந்தது. கடைசி சில நாள்களில் வந்தவர்கள் கேட்சர் டேனி ஜான்சன், ரிலீஃப் பிட்சர் ஷெல்பி மில்லர் போன்றவர்கள். பெரிய பேட்டர் யாரும் இல்லை. 36 ஹோம் ரன்களோடு அரிசோனாவில் இருந்த யூகெனியோ சுவாரெஸை சியாட்டில் எடுத்துக்கொண்டது. அதற்காக அது தன் தலைசிறந்த இளைஞர்கள் எவரையும் இழக்கவில்லை.

அக்டோபரில் லீக் இறுதித் தொடரில் டாட்ஜர்ஸ் எங்களை நான்கு ஆட்டத்திலும் தோற்கடித்தது. ஒவ்வோர் ஆட்டத்திலும் நாங்கள் எடுத்தது ஒரு ரன். நான்கு ஆட்டத்தில் மொத்தம் நான்கு. அக்டோபர் 17 அன்று டாட்ஜர்ஸின் ஷோஹெய் ஓட்டானி தன் பந்துவீச்சில் பத்துப் பேரை ஸ்டிரைக்அவுட் செய்து (ஆட்டமிழக்க வைத்து), மூன்று ஹோம் ரன்களும் அடித்து எங்கள் பருவத்தை முடித்தார். அதே நாளில் சியாட்டிலில் சுவாரெஸ் எட்டாவது இன்னிங்ஸில் கிராண்ட் ஸ்லாம் அடித்துத் தன் அணியை உலகத் தொடருக்கு ஒரு வெற்றி தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். சுவாரெஸ் சியாட்டிலில் ஆடிய இரண்டு மாதமும் தடுமாறியவர்தான், பேட்டிங் சராசரி .189. அவர் வந்திருந்தால் டாட்ஜர்ஸை வென்றிருப்போம் என்று நான் சொல்லவில்லை. ஓட்டானி அன்று ஆடிய ஆட்டத்துக்கு யாரிடமும் மருந்து இருந்திருக்காது. ஆனால் ஒரு ரன், ஒரு ரன், ஒரு ரன், ஒரு ரன் என்று பார்த்துக்கொண்டிருந்த ரசிகனுக்கு, ஜூலையில் ஒரு பேட்டரையாவது வாங்கப் பார்த்தார்கள் என்ற ஆறுதல் வேண்டும்.

அடுத்த ஜூலையிலும் முதலிடத்தில் இருந்தால், எங்கள் பெரிய இளம் நம்பிக்கையான ஹெசுஸ் மாதே ஒருவரை விட்டுவிட்டு வேறு எந்த இளைஞரைக் கேட்டாலும் கொடுங்கள். ஐந்தாவது இடத்தில் இறங்கி அடிக்கக்கூடிய ஒரு பேட்டரை வாங்குங்கள். அவர் அக்டோபர் முடிந்ததும் போய்விடுவார் என்றாலும் வாங்குங்கள். சபாத்தியாவும் போய்விட்டார்தான்.