ஆறு மாதம் பொறுக்கச் சொன்ன பெரியவருக்கும் கைதட்டியவர்களுக்கும்

சென்ற ஞாயிறு இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஆடிக் கஞ்சிப் பூசை முடிந்தபின் நடந்ததைப் பலரும் அறிவீர்கள். நான் பெரியவரை அவமதித்துவிட்டேனாம். மூளைக்காய்ச்சலில் பிழைத்து வீடு திரும்பி மூன்று வாரமே ஆன, இரு காதும் கேளாத குழந்தையின் தாயிடம், "ஆறு மாதம் பொறு, அம்மன் கொடுப்பாள்" என்று அவர் சொன்னதும் நீங்கள் கைதட்டியதும் மட்டும் மரியாதையில் சேர்த்தி போலும்.

திரும்பவும் சொல்கிறேன்: பொறுக்க நேரமில்லை. மூளையுறையில் எழுந்த அழற்சி உட்செவிக்குப் பரவினால், நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியாவின் நுண்மயிர்ச் செல்களை அழிப்பதோடு நிற்பதில்லை. அந்தச் சுருளுக்குள் முதலில் நாரும் பிறகு எலும்பும் வளரத் தொடங்கும், சிலருக்குச் சில வாரங்களிலேயே. அழிந்த செல்களுக்குப் பதிலாக ஒலியை மின்துடிப்பாக்கிச் செவி நரம்புக்குத் தருவது காக்ளியர் கருவி; அடைபட்ட சுருளுக்குள் அதன் மின்முனைக் கம்பி எப்படிப் போகும்? அதனால்தான் உடனே ஸ்கேன் எடுக்கிறார்கள், முடிந்தால் இரு காதுக்கும் ஒன்றாகவே அறுவை செய்கிறார்கள்.

இவளுக்கென்ன தெரியும் என்று கேட்டவருக்கு: என் மகனுக்கு நான்கு வயதில் இதே மூளைக்காய்ச்சல் வந்து இரு காதும் போயின. எங்களையும் பொறுக்கச் சொன்னார்கள்; ஐந்து மாதம் பொறுத்தோம். ஸ்கேன் படத்தில் இடக்காதின் சுருள் இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு அடைத்தாற்போல் வெளுத்திருந்தது. அந்தக் காதில் 22 மின்முனைகளில் 9 மட்டுமே உள்ளே போயின. இன்றும் இடப்பக்கமிருந்து பேசினால் அவனுக்குச் சத்தம் வரும், சொல் வராது.

பக்தியில்லாதவள் என்கிறீர்கள். அந்த ஐந்து மாதத்தில் அவனுக்காக நெருப்பு மிதித்தவள் நான். ஸ்கேன் எடுக்காதே என்று அம்மன் யாருடைய கனவில் வந்து சொன்னாள்?

சைகை மொழி போதாதா என்கிறார் ஒருவர். அது 2023 முதல் இந்நாட்டின் 12ஆவது ஆட்சி மொழி. என் மகனும் கற்கிறான், கருவியைக் கழற்றினால் அவன் கேளாதவன்தான். ஆனால் கருவி வேண்டாம் என்று பிறகும் முடிவு செய்யலாம், எலும்பு வளர்ந்தபின் வேண்டும் என்று சொல்லிப் பயனில்லை. செலவைச் சொல்பவரோடு எனக்குச் சண்டையில்லை, அவர் சொல்வது உண்மை. பணம் திரளும்வரை ஸ்கேனையும் தள்ளிப்போடாதீர்கள், அவ்வளவே.

அன்று கைதட்டல் எழுந்தபோது என் மகன் தலையில் ஒட்டியிருந்த, கருவியின் வெளிப்பகுதியான காந்த வட்டைக் கழற்றி, நாற்காலியின் இரும்புக் காலில் ஒட்டிவைத்துவிட்டு என்னைப் பார்த்தான். வீட்டில் நாங்கள் சண்டையிட்டால் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுவான்.

அந்தத் தாயை அறிந்தவர்கள் என்னிடம் சேர்த்துவிடுங்கள். பெரியவரிடம் மன்னிப்பும் கேட்கிறேன், குழந்தைக்கு ஸ்கேன் எடுத்த மறுநாள்.