பிறைக்குக் காரணம் பூமியின் நிழல் அல்ல

கொடைக்கானல் ஏரிக்கு மேலே தெரியும் அரைநிலாவின் படம் அருமை. ஆனால் 'பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது' என்று கீழே எழுதியிருப்பது தவறு. பிள்ளைகளும் படிப்பார்கள், தயவுசெய்து திருத்திவிடுங்கள்.

நிலாவின் ஒரு பாதியில் எப்போதும் வெயில் அடிக்கிறது. அது பூமியைச் சுற்றிவரும்போது அந்த ஒளிப்பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறதோ, அதுவே பிறை. ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சுமார் 29.5 நாட்கள்.

தேய்பிறை அஷ்டமியன்று, மேகமில்லாத காலை ஏழு மணிக்கு வெளியே வாருங்கள். கிழக்கே சூரியன், உச்சிக்கு அருகே அரைநிலா. பூமியின் நிழலோ சூரியனுக்கு நேர் எதிரே, மேற்கே கிடக்கிறது. அது நிலாவை எப்படித் தொடும்? இன்னும் சந்தேகமா? நம் மலைப் பேரிக்காய் ஒன்றை வெயில் படும்படி நிலாவை நோக்கி நீட்டிப் பிடியுங்கள். காயின் ஒரு பக்கம் மினுங்கும், மறுபக்கம் இருண்டிருக்கும். பக்கத்திலேயே நிலாவும் அதே போல. என் மகள் இதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் கையை இறக்கவே இல்லை.

நிழல் விழுவது சந்திர கிரகணத்தில், அதுவும் பௌர்ணமியில் மட்டும். 2025 செப்டம்பர் 7 இரவு அந்தக் கருநிழல் சுமார் மூன்றரை மணி நேரத்தில் கடந்துவிட்டது; தேய்பிறைக்கோ பதினைந்து நாட்கள் ஆகின்றன. பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு நிலாவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால்தான் எல்லாப் பௌர்ணமியிலும் கிரகணம் வருவதில்லை.